நான்கு வருடமாகப் புறாக் கூண்டில் இருக்கும் தீனிக் குழாயும் தண்ணீர்க் கேனும்

போன ஞாயிற்றுக்கிழமை தெருக்கோடி வீட்டுப் பையன் மாடிக்கு வந்தான். பல்லாவரம் சந்தையில் இரண்டு ஜோடி சாதாப் புறா வாங்கியிருக்கிறான். "அண்ணே, உங்க கூண்டுல இருக்கிற மாதிரி தண்ணிக் கேன் எனக்கும் ஒண்ணு செஞ்சு தாங்க" என்று கேட்டான். முன்பெல்லாம் யார் கேட்டாலும் அன்று சாயங்காலமே ட்ரில்லை எடுத்துவிடுவேன். இந்த முறை சரி என்று சொல்ல வாய் வரவில்லை.

தீனிக் குழாயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாலங்குல பி.வி.சி. குழாய் மூன்றடி, இரண்டு முனையிலும் எண்ட் கேப், பக்கவாட்டில் இரண்டங்குல ஓட்டைகள். உருளாமல் இருக்கக் கம்பியால் கட்டிப் படுக்க வைத்திருக்கிறேன். பட்டாணியைப் பொறுக்குவதற்காகக் கம்பையும் சோளத்தையும் வாரி இறைப்பது புறாவின் குணம். இதில் தலையை மட்டும்தான் உள்ளே விட முடியும் என்பதால், இறைத்தது பெரும்பாலும் குழாய்க்குள்ளேயே விழுகிறது. எச்சமும் படாது. ஓட்டையின் விளிம்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கழுத்து இறகு உதிரும். எண்ட் கேப்பை ஒட்டாதீர்கள், கழற்றிக் கழுவ வேண்டும். நான்கு வருடமாக ஒரு குறையும் இல்லை.

தண்ணீர் விஷயம் அப்படியில்லை. கோழி ஒரு வாய் மொண்டு, அண்ணாந்து விழுங்கும். புறா அலகை மூக்கு வரை முக்கி, மாடு குடிப்பதுபோல உறிஞ்சும். அதனால் தண்ணீர் குறைந்தது இரண்டு சென்டிமீட்டர் ஆழமாவது நிற்க வேண்டும். நான் எடுத்தது ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன். அடியிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு ஓட்டை, கீழே செடித்தொட்டிக்கு வைக்கும் தட்டு. ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு நிரப்பி, மூடியை இறுக்கி, தட்டில் வைத்து விரலை எடுத்தால், ஓட்டை மூழ்கும் வரை தண்ணீர் வந்து தானாக நிற்கும். மட்டம் இறங்கினால் ஒரு காற்றுக் குமிழி உள்ளே ஏறும், அந்த அளவுக்குத் தண்ணீர் வெளியே வரும். முதலில் ஆறு மில்லிமீட்டர் ஓட்டை போட்டேன், குமிழி ஏறாமல் திணறியது. பத்தாக்கியதும் சரியாகிவிட்டது. மூடியில் காற்று புகுந்தால் மொத்தத் தண்ணீரும் தரைக்கு வந்துவிடும் என்பதால், சைக்கிள் டியூப்பை வட்டமாக வெட்டி வாஷராகப் போட்டிருக்கிறேன். வெயிலில் கேன் மொரமொரத்து வெடித்துப் போனதால் இதுவரை இரண்டு கேன் மாற்றியாயிற்று. எண்ணெய்க் கேன் சும்மா கிடைப்பதுதானே, அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

இந்தக் கேன் தந்த ஒரு சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் கூண்டு. விடிகிற நேரத்தில் முதல் புறா குடித்ததும் 'களக்' என்று ஒரு குமிழி ஏறும். கொஞ்சம் விட்டு இன்னொன்று. குஞ்சு பொரித்திருக்கும் நாட்களில் தாயும் தகப்பனும் மாறி மாறி வந்து குடிப்பதால் அந்தச் சத்தம் அடுக்கடுக்காக வரும். ஒருநாள் விடிந்து வெகுநேரம் ஆகியும் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் தகரக் கூரைமேல் பூனை. 14 புறாவும் மேல் கட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து அந்தச் சத்தம் காதில் விழாமல் நான் பல் தேய்க்கக்கூடப் போவதில்லை.

ஆனால் வெயில் காலத்தில் இந்தக் கேன் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. பிற்பகல் ஆனால் தட்டு வழியும். கூண்டுத் தரையெல்லாம் எச்சமும் தண்ணீருமாகச் சேறு, நாற்றம், ஈ. யாரோ தட்டிவிட்டார்கள் என்றே ரொம்ப நாள் நினைத்தேன். காரணம் கேனுக்குள் இருக்கும் காற்று. இரண்டு லிட்டர் தண்ணீர் மிச்சம் இருந்தால் மேலே மூன்று லிட்டர் காற்று இருக்கும். காலையில் 30 டிகிரியில் இருந்த காற்று மொட்டை மாடி வெயிலில் 45 டிகிரி ஆனால், 150 மில்லி அளவுக்கு விரிந்து அவ்வளவு தண்ணீரை வெளியே தள்ளும். நீராவியும் சேர்ந்துகொண்டால் இன்னும் அதிகம். அகலத் தட்டு வைத்தால் மட்டம் ஏறாது, ஆனால் புறாக்கள் அதில் இறங்கிக் குளிக்கும். குறுகலான தட்டு வைத்தால் வழியும்.

சரி, குறுகலான தட்டாகவே இருக்கட்டும், விளிம்பு உயரமாக இருக்கட்டும் என்று ஐந்து சென்டிமீட்டர் உயரத் தட்டு தேடி வாங்கினேன். கேனைச் சுற்றி ஈரச் சாக்கும் கட்டினேன். வழிவது நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டினேன்.

அப்புறம் ஒருநாள் கேனைக் கழுவும்போது உள்ளே மோந்து பார்த்தால் எச்ச வாடை. மூடிய கேனுக்குள் எச்சம் எப்படிப் போகும்? ஒரு பிற்பகலில் தட்டில் கொஞ்சம் பீட்ரூட் சாற்றை ஊற்றிவிட்டு, மறுநாள் காலை சாக்கை விலக்கிப் பார்த்தேன். கேனுக்குள் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. பகலில் விரிந்த காற்று ராத்திரி குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது தட்டில் ஏறியிருக்கும் தண்ணீரையே கேன் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. நாள் முழுக்க 14 புறா அலகு முக்கிய தண்ணீர், எச்சம் தெறித்த தண்ணீர், மறுநாள் குடிப்பதற்காக உள்ளே போகிறது. நான் தட்டை மட்டும் தேய்த்துக் கழுவிவிட்டு, சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நியாயமாகச் சொன்னால், தினமும் காலையில் கேனைக் கழுவி முழுக்க நிரப்பினால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. என் புறாக்கள் நாளுக்கு முக்கால் லிட்டர் குடிக்கும், கோடையில் அதைப்போல இரண்டு மடங்கு. கேனில் காற்று கொஞ்சமாக இருக்கும், விரிந்தாலும் கொஞ்சம்தான். ஆனால் தினமும் கழுவி நிரப்புவதற்கு மண்சட்டியே போதுமே! ஊருக்குப் போகிற நாளுக்காகத்தான் இதைச் செய்தேன். போன இரண்டாம் நாள் பிற்பகலில்தான் கேன் பாதிக்குமேல் காலியாகி, காற்று நிறைந்து, எல்லாவற்றையும் தள்ளவும் உறிஞ்சவும் தொடங்குகிறது. நான் பக்கத்தில் இருந்து கழுவி நிரப்பும் நாளெல்லாம் ஒழுங்காக இருந்துவிட்டு, இல்லாத நாளில் கைவிடும் சாமானை என்னவென்று சொல்வது?

போன ஏப்ரலில் விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் கழித்து வந்தேன். அதற்கு அடுத்த வாரம் ஒரு குஞ்சின் தொண்டையில் மஞ்சளாக, தயிர்க்கட்டி போலப் படிந்திருந்தது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, ஒரு தண்ணீரையே பல பறவை குடிப்பதால் பரவும் நோய் இது என்றார். தாயும் தகப்பனும் தொண்டைப் பையில் சுரந்து குஞ்சுக்கு ஊட்டும் புறாப்பால் வழியாகவும் வருமாம். அதனால் கேன் மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். ஆனால் அந்தக் குஞ்சு பிழைக்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்த ராத்திரியை நினைத்தால் இப்போதும் கேனைத் தூக்கிக் கீழே எறியத் தோன்றுகிறது.

எறியவில்லை. தினமும் காலையில் கழுவி நிரப்புகிறேன். அந்த 'களக்' சத்தம் இல்லாத ஒரு விடியலை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பையனுக்குத் தீனிக் குழாய் மட்டும் செய்து கொடுத்தேன். தண்ணீருக்கு, கனமான மண்சட்டி ஒன்று வாங்கி, இறங்கிக் குளிக்காமல் இருக்க நடுவில் ஒரு செங்கல் வைக்கச் சொன்னேன். காலையும் மாலையும் தேய்த்துக் கழுவ வேண்டும் என்றும் சொன்னேன். அவனுக்கு முகம் வாடிவிட்டது. "ஊருக்குப் போனா என்னண்ணே பண்றது?" என்றான்.

"கீழ்வீட்டு அக்காகிட்ட சாவியைக் கொடுத்துட்டுப் போ. சட்டியை அலசி ஊத்துறதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகும், செய்வாங்க" என்றேன்.