குழந்தை முகத்துக்கு கிராஃபைட்டா, கரியா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் போட்டோவைப் பார்த்துப் பிள்ளைகளின் முகம் வரைந்து தரச் சொல்லி வருகிறவர்கள் முதலில் கேட்பது விலை. நான் முதலில் யோசிப்பது, சாதாரண கிராஃபைட் பென்சிலா கரி பென்சிலா என்பதைத்தான்.

கைக்குழந்தை என்றால் யோசிக்கவே வேண்டாம், கிராஃபைட். கன்னத்தில் கோடே கிடையாது, நிழல் மட்டும்தான். கடினமான 2எச், நடுத்தரமான எச்பி பென்சில்களை வைத்து மெல்ல மெல்ல ஏற்றினால் அந்த வழவழப்பு வந்துவிடும். கரியில் கொஞ்சம் அழுத்திவிட்டால் போச்சு, ஆறு மாதப் பிள்ளைக்கு நாற்பது வயசு முகம்.

ஆனால் நம் பிள்ளைகளின் தலைமுடி இருக்கிறதே, அங்கேதான் கிராஃபைட் கைவிடுகிறது. மிக மென்மையான 8பி பென்சில் வைத்து எவ்வளவு அழுத்தினாலும் பளபளக்கும் சாம்பல் நிறம்தான் வருமே தவிர நல்ல கறுப்பு வராது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இன்னும் மோசம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு ஆயா, காவடித் திருவிழாவில் எண்ணெய் தடவிப் பின்னிய சடையோடு பேத்தி நிற்கிற படத்தைக் கொடுத்தார். அதற்குக் கரிதான் சரி, பொட்டும் கண்மையும்கூட எடுப்பாக வந்தன.

இரண்டையும் கலக்கலாமே என்பீர்கள். கலக்கலாம், ஆனால் கரியை முதலில் போட வேண்டும், கிராஃபைட்டின் வழுக்கல் மேல் அது சரியாக ஒட்டாது.

அப்புறம், கரி கை பட்டாலே தீற்றிவிடும். கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்சேட்டிவ் ஸ்பிரே அடித்து, கண்ணாடியில் உரசாதபடி சுற்றிலும் மவுன்ட் அட்டை வைத்து ஃபிரேம் போட வேண்டும், செலவு கூடும். எதுவானாலும் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த போட்டோ வேண்டாம். கண்மணியில் இருக்கும் அந்தச் சின்ன வெள்ளைப் புள்ளி அதில் மங்கிப் போயிருக்கும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.