மருந்தின் பக்கவிளைவுக்கு இழப்பீடு வாங்கித் தருகிறோம் என்றார்கள்: 38,500 ரூபாய் போனது

கோபத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று காலை தபால் நிலையத்தில்தான் விஷயம் உறுதியானது. "இந்த எண்ணில் பதிவுத் தபால் எதுவும் போடப்படவே இல்லையம்மா" என்று கவுண்டரில் இருந்தவர் திரையைத் திருப்பியே காட்டிவிட்டார். ஏழு மாதமாக அந்த எண்ணைத் தாலிச்சரடு மாதிரி பத்திரமாக வைத்திருந்தேன். வக்கீல் நோட்டீசைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம் என்று, இழப்பீடு வாங்கித் தருவதாகச் சொன்னவர்கள் கொடுத்தது. 38,500 ரூபாய் கொடுத்து வாங்கிய எண்.

பெயர் எழுதப்போவதில்லை. இணையத்தில் இயங்கும் ஒரு சட்ட உதவித் தளம். 'மாத்திரையால் பாதிக்கப்பட்டீர்களா? இழப்பீடு உங்கள் உரிமை' என்று கைபேசியில் விளம்பரம் வருமே, அந்த ரகம்.

அம்மாவுக்கு நடந்தது இது. மூட்டு வலி என்று போன இடத்தில், ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடுதலாக இருக்கிறது என்று அலோபூரினால் எழுதினார்கள். எடுத்த எடுப்பிலேயே 300 மில்லிகிராம். அம்மாவுக்குச் சிறுநீரகம் முன்பே பலவீனம். அப்படிப்பட்டவர்களுக்கு 100 அல்லது அதற்கும் கீழே தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டிய மருந்து அது என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது வாரம் காய்ச்சல், கண் சிவப்பு, வாயெல்லாம் புண். அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை கட்டினோம். மாத்திரையை நிறுத்தவில்லை, நான்தான் வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தேன். முதுகில் தோல் உரிந்து படுக்கை விரிப்போடு வந்தபோதுதான் ஓடினோம். ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய் என்றார்கள். பதினேழு நாள் உள்நோயாளி. விடிந்தால் உதடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பிரித்த பிறகுதான் ஒரு வாய்த் தண்ணீர் இறங்கும். உயிர் மிஞ்சியது. கண் பழையபடி ஆகவில்லை, பகல் வெளிச்சத்தில் வாசலுக்கு வரமாட்டார்.

ஒரு வருடம் கழித்து அந்தத் தளத்திலிருந்து அழைத்தவர், நான் தட்டுத் தடுமாறிச் சொல்லத் தொடங்கியதுமே, "ஸ்டீவன்ஸ் ஜான்சன்தானே அக்கா? அது அம்மை இல்லை, மருந்து செய்த வேலை. உங்கள்மேல் ஒரு தப்பும் கிடையாது" என்றார். 'கூடவே இருந்தும் நீ கவனிக்கவில்லையா' என்று கேட்ட சொந்தக்காரர்கள் நடுவில் ஒரு வருடம் இருந்தவள் நான். அழுதுவிட்டேன். அவரும் பேசாமல் காத்திருந்தார். பெரிய மனது என்று நினைத்தேன். தூண்டில்காரனும் அப்படித்தான் காத்திருப்பான்.

பிறகு கொல்கத்தா வழக்கைச் சொன்னார். இதே வகை நோயின் கடுமையான வடிவத்தில் இறந்த பெண்ணுக்காகக் கணவர் குணால் சாஹா போராடி, 2013இல் உச்ச நீதிமன்றத்தில் ஏறக்குறைய ஆறு கோடி வாங்கினார் என்றார். வழக்கு உண்மைதான். ஆனால் அது நோய் வந்த பிறகு ஸ்டீராய்டு ஊசியை அளவுக்கு மீறிப் போட்ட தவறான சிகிச்சையைப் பற்றியது. அந்தப் பெண் இறந்தது 1998இல், பதினைந்து வருடப் போராட்டம். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கோப்பைப் பார்க்க 3,500. வக்கீல் நோட்டீசுக்கு 15,000. நீதிமன்றக் கட்டணம் என்று 20,000. ஆக 38,500. கிடைக்கும் தொகையில் 20 சதவீதம் தங்களுக்கு என்றும் ஒரு வரி. வக்கீலை நியமிக்கும் பத்திரமான வக்காலத்திலும், வக்கீல் பெயரை நிரப்பாமலே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அதோடு அக்கா 'மேடம்' ஆகிவிட்டேன். "வக்கீல் சார் வாதத்தில் இருக்கிறார் மேடம்." "எதிர்த்தரப்பு பதில் தரவில்லை மேடம், பொறுங்கள்." ஒருமுறை, "உங்களைப் போல நானூறு பேர் இருக்கிறார்கள் மேடம்." நோட்டீசின் நகலைக் கேட்டுக் கேட்டு, போன வாரம்தான் அனுப்பினார்கள். மூன்றாம் பக்கத்தில் மருந்தின் பெயர் ஃபெனிட்டாயின். அது வலிப்புக்குக் கொடுப்பது. பாதிக்கப்பட்டவர் 'எனது கட்சிக்காரரின் தந்தை'. யாரோ ஒருவரின் அப்பாவின் துயரத்தில் முதல் பக்கத்தை மட்டும் மாற்றி என் அம்மாவின் பெயரைத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர்களும் பணம் கட்டித்தான் இருப்பார்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றேன். சிரித்தார். "வக்கீல்மேல் நுகர்வோர் வழக்கு செல்லாது என்று 2024இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, தெரியாதா மேடம்?" அந்தத் தீர்ப்பும் உண்மைதான். ஆனால் நீங்கள் வக்கீலே இல்லையே ஐயா, பார் கவுன்சில் பதிவு எண்ணை எட்டு மாதமாகக் கேட்கிறேனே என்றேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது தெம்பில்லை. அவசரத்துக்கு இவை மட்டும். தமிழ்நாட்டு வக்கீல் என்றால் எம்.எஸ். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், அதைச் சரிபார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். இழப்பீட்டில் பங்கு கேட்பது வக்கீல்களுக்குத் தடை செய்யப்பட்டது, கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள். நீங்கள் சிகிச்சைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. எனக்கு ஆன செலவு மூன்றரை லட்சம். அப்படியானால் அந்த 20,000 எந்த நீதிமன்றத்துக்கு? வழக்குப் போட இரண்டே வருடம்தான் கெடு, தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்றாடலாம், ஏற்பார்களா என்பது அவர்கள் கையில். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. எனக்கு இது நேற்றுத்தான் தெரியும். மருந்தின் பாதிப்பைத் தெரிவிக்க 1800-180-3024 இருக்கிறது. அது இழப்பீடு தராது, பதிவு மட்டும் ஆகும்.

அம்மாவுக்கு நடந்து ஒரு வருடம் எட்டு மாதம் ஆகிறது. அதில் எட்டு மாதத்தை இவர்கள் தின்றுவிட்டார்கள், மிச்சம் நான்கு. இணைய மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை டிஸ்சார்ஜ் சம்மரியையும் அந்த 300 மில்லிகிராம் சீட்டையும் எடுத்துக்கொண்டு நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகிறேன். 38,500இல் ஏதாவது திரும்பி வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.