ஐஃபிக்ஸிட்: இலவசக் கையேடும் கருவிப் பெட்டியும்

மின்னணுச் சாதனங்களைத் தாமே பழுது பார்க்க விரும்புவோருக்கு, கலிபோர்னியாவிலிருந்து இயங்கும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் படங்களுடன் கூடிய கையேடுகளை இலவசமாகத் தருகிறது. கருவிகளையும் உதிரி பாகங்களையும் விலைக்கு விற்கிறது. இரண்டையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில், கருவிகள் தரமானவை என்றும் கையேடுகள் ஈடு இணையற்றவை என்றும் சொல்வேன்.

அந்தக் கையேடுகள் அப்படி அமைந்ததற்கு நிறுவனம் தொடங்கிய விதமே காரணம். 2003ஆம் ஆண்டில் சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரின் கலிபோர்னியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கைல் வீன்ஸ், பழுதடைந்த தம் ஆப்பிள் ஐபுக் மடிக்கணினியைச் சரிசெய்ய முற்பட்டார். கணினியைத் திறக்க அவருக்குத் தயக்கம் இல்லை. ஆனால் எந்தத் திருகை முதலில் கழற்றுவது, எந்த இடத்தில் நெம்பினால் மூடி உடையாமல் வரும் என்று சொல்லும் சர்வீஸ் கையேடு பொதுமக்கள் கைக்கு எட்டாததாக இருந்தது. வீன்ஸும் உடன் படித்த லூக் சோல்ஸும் மாணவர் விடுதி அறையிலிருந்தே உதிரி பாகங்களை விற்கத் தொடங்கினார்கள். பாகத்தை வாங்கியவருக்கு அதைப் பொருத்தத் தெரிய வேண்டுமே என்பதற்காக, தாங்களே கணினியைப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்து, கையேடாக எழுதி எவருக்கும் இலவசமாக வழங்கினார்கள்.

கணினியில் இளமை முதலே ஆர்வம் கொண்ட ஒருவர் பழுது பார்க்கும் தொழில் தொடங்கினால், பெரும்பாலும் தம் கைத்திறனையும் நேரத்தையும்தான் விற்பார். அது நேர்மையான தொழில், நம் ஊர்களில் எத்தனையோ குடும்பங்களை வாழவைக்கும் தொழிலும்கூட. இந்த இருவரோ அறிவைக் கொடுத்துவிட்டுப் பொருளை விற்றார்கள். அந்த முடிவின் பயனைத்தான் இன்று உலகெங்கும் சாதனங்களைத் திறந்து பார்க்கும் ஒவ்வொருவரும் அனுபவிக்கிறோம்.

ஒரு மடிக்கணினியின் பேட்டரியை மாற்றுவதற்கான கையேட்டை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்திலேயே வேலையின் கடினத்தன்மை, ஆகக்கூடிய நேரம், தேவையான கருவிகள் ஆகியவை கொடுக்கப்பட்டிருக்கும். பின்னர் ஒவ்வொரு கட்டத்திலும் தெளிவான படங்கள் இருக்கும். படத்தில் சிவப்பு வட்டமிட்ட திருகுகளைப் பற்றிய குறிப்பு அருகிலேயே அதே சிவப்புப் புள்ளியுடன் தொடங்கும், ஆரஞ்சு வட்டத்துக்கு ஆரஞ்சுப் புள்ளி என்று அது தொடரும். திருகுகளின் நீளம் மில்லிமீட்டரில் தரப்பட்டிருக்கும். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் குட்டைத் திருகு இருக்க வேண்டிய துளையில் நீளத் திருகைச் செலுத்தி மதர்போர்டைத் துளைத்துவிடும் அபாயத்தைத் தவிர்ப்பது இந்தக் குறிப்புதான். கைபேசியைத் திறக்கும் முன் பேட்டரியின் மின்னளவை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிடுங்கள் என்பது போன்ற எச்சரிக்கைகளும் உரிய இடத்தில் வருகின்றன. ஒவ்வொரு கட்டத்தின் கீழும் முன்பே அந்த வேலையைச் செய்தவர்களின் குறிப்புகள் இருக்கும். வேலையைத் தொடங்குமுன் அவற்றை முழுமையாகப் படித்துவிடுமாறு வற்புறுத்திச் சொல்வேன், ஏனெனில் கையேடு எழுதியவரின் கண்ணில் படாத கொக்கியையும் ஒட்டுப் பசையையும் அங்கேதான் யாரேனும் சுட்டிக்காட்டியிருப்பார்கள்.

குறைகள் இல்லாமலில்லை. கையேடுகளை எவரும் எழுதலாம், திருத்தலாம் என்பதாலும், பல பல்கலைக்கழக மாணவர்கள் தொழில்நுட்ப எழுத்து வகுப்பின் பாடப்பணியாக எழுதியவையும் கலந்திருப்பதாலும் தரம் சீராக இல்லை. நிறுவன ஊழியர்களின் கையேடுகளில் இருக்கும் நுணுக்கம் மற்றவற்றில் சில வேளைகளில் இருப்பதில்லை. அதைவிட எனக்கு வருத்தம் தருவது, பல கையேடுகள் பிரிப்பதை மட்டும் விரிவாகச் சொல்லிவிட்டு, மீண்டும் பொருத்த இதே கட்டங்களைத் தலைகீழாகப் பின்பற்றுங்கள் என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுவதாகும். ரிப்பன் கேபிள் எனப்படும் மெல்லிய தட்டையான இணைப்புப் பட்டையை அதன் கனெக்டரில் சரியாக அமர்த்துவது, அதை வெளியே எடுப்பதைவிடப் பன்மடங்கு கடினம். புதிதாகச் செய்பவர் தடுமாறும் இடமும் அதுதான்.

கருவிகளில் நான் பரிந்துரைப்பது மேக்கோ என்னும் பெட்டி. அதில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியில் மாற்றி மாற்றிப் பொருத்தக்கூடிய முனைகள், அதாவது பிட்டுகள், 64 இருக்கின்றன. பிட்டைக் காந்தம் பிடித்துக்கொள்வதால் சிறு திருகைத் தூக்கும்போது கை நடுங்கினாலும் அது உள்ளே விழுவதில்லை. மூடியையே திருகுகளைப் பிரித்து வைக்கும் தட்டாகப் பயன்படுத்தலாம். ஐபோனின் அடியில் உள்ள ஐந்து இதழ்த் திருகுக்கான பிட்டும் இதில் உண்டு. ஆப்பிள் ஐபோனில் அத்தகைய திருகைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, 2011இல், அதைக் கழற்றும் ஸ்க்ரூடிரைவரையும் மாற்றாகப் பொருத்தச் சாதாரணத் திருகுகளையும் ஒரே உறையில் வைத்து விற்ற நிறுவனம் இது. சென்னை ரிச்சி தெருவில் இதைவிடக் குறைந்த விலைக்குப் பிட் பெட்டிகள் கிடைக்கின்றன, ஆண்டுக்கு ஒருமுறை பேட்டரி மாற்றுபவருக்கு அவை போதும். அடிக்கடி வேலை செய்பவர் முனை தேயாத பிட்டுக்காகக் கூடுதலாகச் செலவிடுவதில் தவறில்லை.

புதிய சாதனங்களைப் பிரித்துப் பார்த்து, பழுது பார்க்கும் எளிமைக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் தருவதும் இவர்களது பணி. இதில் அவர்கள் காட்டும் நேர்மை என் மரியாதைக்குரியது. ஐபோன் 14க்கு 2022இல் 7 மதிப்பெண் அளித்தவர்கள், மாற்றிய பாகத்தை மென்பொருள் வழியாக ஆப்பிள் நிறுவனமே அங்கீகரிக்க வேண்டியிருப்பது பழுது பார்ப்போரை எவ்வளவு முடக்குகிறது என்று உணர்ந்ததும், அடுத்த ஆண்டில் அதை 4 ஆகக் குறைத்துப் பொதுவில் அறிவித்தார்கள். திருகும் பசையும் மட்டுமே தடை என்றிருந்த காலம் போய்விட்டது என்பதைச் சாமானியருக்கும் புரியவைத்த அறிவிப்பு அது. சாதனம் வாங்குமுன் இந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன்.

2020இல் கொரோனா பரவியபோது வென்டிலேட்டர் உள்ளிட்ட மருத்துவமனைக் கருவிகளுக்கான 13,000க்கும் மேற்பட்ட சர்வீஸ் கையேடுகளைத் திரட்டி இலவசமாக வழங்கியதும் இதே நிறுவனம்தான். ஐபுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கையேடு இல்லாமல் திகைத்த மாணவரின் நிலை, உயிர் காக்கும் கருவியைச் சரிசெய்ய வேண்டிய மருத்துவமனைப் பொறியாளருக்கு வரக்கூடாது அல்லவா!

இக்கையேடுகளை வணிக நோக்கமின்றி எவரும் நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், மூலத்தைக் குறிப்பிட்டு அதே உரிமத்தில் பகிரலாம். தொழிற்பயிற்சி நிலையங்களின் ஆசிரியர்கள் இந்த உரிமத்தைப் பயன்படுத்திக்கொண்டு, மாணவர்கள் அதிகம் கையாளும் சாதன மாதிரிகளுக்கான கையேடுகளையேனும் தமிழில் கொண்டுவர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.