பிளானட்டரி ஸ்பெக்ட்ரம் ஜெனரேட்டர்: மூன்றாம் ஆண்டு ஆய்வு மாணவியின் அனுபவம்

எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, கோள்களின் வளிமண்டலத்தில் பிஎச்.டி. செய்யச் சேர்ந்தபோது எனக்கு நிரல் எழுத அவ்வளவாக வராது. ஒளி காற்றைக் கடக்கும்போது எப்படி மாறுகிறது என்று சொல்லும் கதிர்வீச்சுக் கடத்தல் சமன்பாட்டைப் பரீட்சையில் எழுதிவிடுவேன். அதை வைத்து ஒரு கோளின் நிறமாலையை, அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி வருகிறது என்ற படத்தை, வரைந்து காட்டு என்றால் திருதிருவென்று விழிப்பேன். அப்போது லேபில் இருந்த சீனியர் அக்கா காட்டியதுதான் நாசா கோடார்டு மையத்தின் பிளானட்டரி ஸ்பெக்ட்ரம் ஜெனரேட்டர் என்ற இந்த இணையக் கருவி. பி.எஸ்.ஜி. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஜெரோனிமோ வில்லனுவேவாவின் குழு உருவாக்கியது. அதை விவரிக்கும் கட்டுரை 2018இல் வந்தது.

காசு கிடையாது, பதிவு செய்யவும் வேண்டாம். கணக்கெல்லாம் அவர்கள் சர்வரில் நடப்பதால் என்னுடைய பழைய 8 ஜிபி லேப்டாப்பே தாராளம். எந்தக் கோள், எங்கிருந்து பார்க்கிறோம், காற்றில் என்னென்ன வாயு, எந்தக் கருவி என்று வரிசையாகச் சொன்னால் படம் வந்துவிடும். ஜேம்ஸ் வெப், ஹப்பிள், ஆல்மா போன்ற தொலைநோக்கிகளின் விவரமெல்லாம் அதில் தயாராகவே இருக்கின்றன. ஆனால் பக்கத்தைத் திறந்ததும் பெட்டி பெட்டியாக வந்து மிரட்டும். முதல் வாரம் பயந்துகொண்டுதான் தட்டினேன்.

அந்த வாரத்தில்தான் மானம் போனது. செவ்வாயை எடுத்து, கார்பன் மோனாக்சைடுக்கு 1 என்று போட்டிருந்தேன். அந்த 1க்குப் பக்கத்தில் அலகைத் தேர்ந்தெடுக்க ஒரு சின்னப் பெட்டி உண்டு. ஸ்கேலர் என்று இருந்தால், ஏற்கெனவே உள்ள அளவை அப்படியே வைத்துக்கொள் என்று பொருள். நான் சதவீதத்துக்கு மாற்றியிருந்தேன். செவ்வாயில் அந்த வாயு ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நான் நூற்றில் ஒரு பங்கு ஊற்றியிருக்கிறேன். 2.35 மைக்ரான் அலைநீளத்துக்குப் பக்கத்தில், அந்த வாயு ஒளியை உறிஞ்சும் கோடுகள் பள்ளம் பள்ளமாக விழுந்திருந்ததைப் பார்த்து, ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து கைடிடம் ஓடினேன். “ஏம்மா, இவ்வளவு கார்பன் மோனாக்சைடை அங்க யாரு கொண்டுபோய் விட்டது?” என்றார். அக்கா அந்தப் படத்தை அச்செடுத்து லேப் கதவில் ஒட்டிவிட்டார். குற்றம் கருவியுடையதல்ல, அலகைப் பார்க்காத என்னுடையது.

அப்புறம் கைடு ஒரு நிபந்தனை போட்டார். ஒரே ஒரு வாயு, ஒரே வெப்பநிலை என்று வைத்து நானே ஒரு நிரல் எழுத வேண்டும், அதுவரை பி.எஸ்.ஜி. பக்கம் போகக்கூடாது. பூமியின் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டேன். ஆறு வாரம் ஆனது. இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், 15 மைக்ரானில் அவர்களுடையது அகலமாகச் சரிகிறது, என்னுடையது ஊசி ஊசியாக நிற்கிறது. காற்றழுத்தம் கோடுகளை அகலப்படுத்தும் என்பதை நிரலில் சேர்க்கவே மறந்திருந்தேன். பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான்! என்னைக் கேட்டால் இந்தக் கருவியின் உண்மையான பயன் இதுதான்: நாம் செய்ததை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துணை.

இப்போது என் வேலை வேறு விண்மீன்களைச் சுற்றும் சூடான கோள்களில். டபிள்யூ.ஏ.எஸ்.பி.-39பி என்ற கோளில் ஜேம்ஸ் வெப் 2022இல் கார்பன் டை ஆக்சைடைக் கண்டது. அந்த வாயு 4.3 மைக்ரானில் காட்டும் மேட்டை பி.எஸ்.ஜி.யில் சில நிமிடங்களில் வரவழைக்கலாம். பக்கத்தில் 4.05இல் கந்தக டை ஆக்சைடின் குட்டி மேடும் வரும். ஆனால் எந்தக் கோட்டுப் பட்டியலை, அதாவது எந்த வாயு எந்த அலைநீளங்களில் உறிஞ்சும் என்ற பட்டியலை, வைத்து பி.எஸ்.ஜி. கணக்கிடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹிட்ரான் என்ற பட்டியலின் அடிப்படை வெப்பநிலை 296 கெல்வின், அதாவது நம் அறை வெப்பநிலை. இந்தக் கோளின் கிட்டத்தட்ட 900 டிகிரி செல்சியஸ் கொதிக்கும் காற்றில், அந்தப் பட்டியலில் விட்டுப்போன மெலிந்த கோடுகளும் கணக்கில் வரவேண்டும்.

கையேடு இலவசமாகக் கிடைக்கிறது, நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். எம்.எஸ்சி. பிள்ளைகள் புராஜெக்டுக்குத் தாராளமாக எடுக்கலாம். ஒவ்வொரு தடவையும் நீங்கள் கொடுத்த அமைப்புகளெல்லாம் இருக்கும் கான்ஃபிக் கோப்பை டவுன்லோடு செய்து, பெயரில் தேதி போட்டு வையுங்கள். எட்டு மாதம் கழித்து ஆய்விதழ் நடுவர் வந்து, இந்தக் கோட்டை எப்படி வரைந்தீர்கள் என்று கேட்பார்.