மூடப்போகும் கிணற்றுக்குக் கப்பியா, முக்காலியா, உழவு இயந்திரமா?

தூர்க்கத்தானே போகிறோம், பிறகு ஏன் இறங்கிச் சேற்றை வழித்தெடுப்பான் என்று கேட்பார்கள். வன்னியில் பத்து இருபது வருடம் ஆள் புழங்காமல் கிடந்த கிணற்றின் அடியில் பற்றரி, டீசல் கான், கிருமிநாசினிப் போத்தல் என்று எதுவும் கிடக்கலாம். அதற்கு மேலே மண்ணைக் கொட்டினால் அது பக்கத்து வளவுக் கிணற்றுத் தண்ணீரோடு சேரும். அதனால் வழித்தெடுத்தே ஆகவேண்டும். எதைக் கொண்டு தூக்குவது என்பதில் மூன்று பழக்கம் உண்டு. மூன்றையும் அளக்க ஒரே கேள்வி போதும்: மேலே நிற்பவர் கையை விட்டால் என்ன நடக்கும்?

முதலில் சுமை. 2 மீற்றர் விட்டமுள்ள குடிநீர்க் கிணற்றில் 1 மீற்றர் சேறு என்றால் சுமார் 3.1 கன மீற்றர். ஈரச் சேற்றின் நிறை ஐந்து தொன்னைத் தாண்டும். 20 லீற்றர் வாளி நிறையச் சேறு ஏறக்குறைய 35 கிலோ. ஆக 150 வாளிக்கு மேல். வவுனியாப் பக்கத்து 5 மீற்றர் தோட்டக் கிணறு என்றால் அதே ஆழச் சேறு கிட்டத்தட்ட 1000 வாளி.

கப்பியும் கயிறும்

மலிவு, எல்லார் வீட்டிலும் உண்டு. சிக்கல் கிணற்றிலேயே நிற்கும் கப்பித் தூணில்தான். அது ஒரு வாளி தண்ணீருக்காகக் கட்டியது. தூணில் நெடுக்காக வெடிப்புத் தெரிந்தால் உள்ளே கம்பி துருவேறி ஊதிவிட்டது என்று பொருள். அதை நம்பவேண்டாம், பாலை அல்லது முதிரை மர வளையொன்றை (உத்திரம்) கிணற்றுக் கட்டுக்கு வெளியே இரு பக்கமும் மண்ணில் தாங்கும்படி போடுங்கள். தும்புக் கயிறு உள்ளுக்குள் உக்கும். வெயிலில் கிடந்த பிளாஸ்ரிக் கயிற்றின் புரியை முறுக்கித் திறந்து பார்த்தால் பொடி உதிரும். உதிர்ந்தால் அது மாடு கட்டவும் ஆகாது. முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் பலம் பாதியளவுக்கும் குறையலாம்.

கையை விட்டால்? வாளி நேரே கீழே வரும். ஒற்றைக் கப்பி பாரத்தைக் குறைப்பதில்லை. இழுக்கும் திசையைத்தான் மாற்றும். 2 மீற்றர் கிணற்றில் ஒதுங்கி நிற்கவும் இடமில்லை. ஒரு பாதிக்குக் குறுக்கே பலகைத் தட்டு அடித்து, வாளி ஏறும்போது கீழுள்ளவர் அந்தத் தட்டின் அடியில் நிற்கவேண்டும். வாளியை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. இந்தக் கயிற்றில் ஆளை ஏற்றி இறக்குவது வேண்டவே வேண்டாம்.

முக்காலியும் கைச்சுழற்றியும்

இரண்டு அங்குலக் கல்வனைஸ் குழாய் மூன்று, பத்தடி நீளம். கால்கள் விரியாமல் அடியில் சங்கிலி, புதையாமல் பலகை. ஒரு காலில் தானாகப் பிடிக்கும் பிரேக் உள்ள கைச்சுழற்றி (கயிற்றை உருளையில் சுற்றித் தூக்கும் விஞ்ச்). கைபிடியை விட்டால் சுமை நின்ற இடத்தில் நிற்கும். மற்ற இரண்டும் இதில்தான் தோற்கின்றன. படகு இழுக்கும் பிரேக் இல்லாத சுழற்றியும் பார்வைக்கு இதைப்போலவே இருக்கும். கைபிடி எதிர்ப்பக்கம் சுழன்றால் மணிக்கட்டை முறிக்கும். வாங்குமுன் சுமை தொங்கவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள்.

செயின் புளொக் (சங்கிலியை இழுத்துத் தூக்கும் கப்பி) மாட்டலாமே என்றால், கடையில் கிடைப்பதற்குப் பெரும்பாலும் தூக்கும் உயரம் 3 மீற்றர்தான். 8 மீற்றர் கிணற்றுக்கு எட்டாது. அது ஆளைத் தூக்கச் செய்த பொருளுமல்ல.

கம்பிக் கயிறு 8 மில்லிமீற்றர் போதும். புதியது மூன்று தொன்னுக்கு மேல் தாங்கும். சுரங்கங்களில் ஆளேறும் கயிறு பொதுவாகச் சுமையின் பத்து மடங்காவது தாங்கவேண்டும் என்று கணக்கிடுவார்கள். போகலை, கஹட்டகஹ காரீயச் (பென்சில் கரி) சுரங்கங்களின் ஆழத்தோடு ஒப்பிட்டால் நமது கிணறு ஒன்றுமில்லை, ஆனால் விழுபவருக்கு எட்டு மீற்றரும் போதும். கயிறு முழுதாக இறங்கியபின்னும் உருளையில் மூன்று சுற்று மிஞ்சவேண்டும். நுனிக் கண்ணுக்குக் கிளிப் மூன்று. அவற்றின் வளைகம்பி வெட்டிய குட்டைப் பக்கத்தில் அமரவேண்டும், சுமை தாங்கும் பக்கத்தில் அல்ல. மாறிப் பூட்டியதைத்தான் அதிகம் காணலாம். அது கயிற்றை நசுக்கி அறுக்கும்.

குறை: கால்கள் கட்டுக்கு வெளியே நிற்கவேண்டியிருப்பதால் இது ஒடுங்கிய கிணற்றுக்கே பொருந்தும். 5 மீற்றர் தோட்டக் கிணற்றுக்கு எட்டாது.

உழவு இயந்திரம்

வேகம். ஆனால் ஓட்டுபவரின் முதுகு கிணற்றுப் பக்கம். வாளி கப்பியில் முட்டியது அவருக்குத் தெரியுமுன் கயிறு அறும். கையை விட்டால் என்பதை இங்கே கிளச்சை விட்டால் என்று மாற்றிக் கேளுங்கள். அதைவிடப் பெரிது வாகனத்தின் பாரம்: விளிம்புக்கு அருகே இரண்டு தொன் நின்றால் மண் கிணற்றின் பழைய கட்டினை உள்ளே தள்ளும். கிணற்றின் ஆழமளவு தூரத்திலாவது நிறுத்துங்கள். இடிந்த வளையம், துருப்பிடித்த பம்ப், இரும்பு வளை போன்றவற்றை இழுக்க மட்டும் இது சரி, அதுவும் உள்ளே ஒருவரும் இல்லாதபோது. பெக்கோ எனும் மண்வெட்டும் இயந்திரத்தின் கை நாலரை மீற்றரளவில் நின்றுவிடும்.

எதைத் தெரிவுசெய்தாலும்

ஒட்சிசன் 20.9 வீதம் இருக்கவேண்டும், 19.5இற்குக் கீழே போனால் இறங்கக்கூடாது. மெழுகுதிரியை இறக்கிப் பார்ப்பதில் பயன் குறைவு: அது அணைவது ஏறக்குறைய 16 வீதத்தில், நஞ்சு வாயுக்களைக் காட்டாது, மீதேன் இருந்தால் பற்றிக்கொள்ளும். வாயுமானியை இரவல் வாங்குங்கள்.

மேலே வைத்த பம்ப் 7 மீற்றருக்குக் கீழே சரியாக உறிஞ்சாது. அதனால்தான் பெற்றோல் மெசினைக் கிணற்றுக்குள் இறக்கிவிடுகிறார்கள். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமில்லாமல் கொல்லும். நீர்மூழ்கி மோட்டரை 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்சோடு போட்டு, ஆள் இறங்குமுன் மின்னைத் துண்டியுங்கள். ஒரே மூச்சில் வற்றவைக்கவும் வேண்டாம். கட்டுக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் உள்ளே தள்ளும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் இது சட்டென்று நடக்கும். ஆவணி, புரட்டாதியில் நீர்மட்டம் தாழும்போது, மாரிக்கு முன் செய்வது வசதி.

இறங்குபவருக்கு உடற்பட்டியும், சேற்றுக் கயிற்றோடு சேராத இன்னொரு உயிர்க்கயிறும். மயங்கினால் மேலிருந்துதான் தூக்கவேண்டும். பின்னாலே குதித்தவர்தான் இரண்டாவது சாவு.

சேற்றில் உருளையாகவோ கூம்பாகவோ இரும்பு தெரிந்தால் அது வெடிக்காத குண்டாக இருக்கலாம், தொடாதீர்கள், காந்தம் போடாதீர்கள். ஆளை மேலெடுத்து, பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.

வழித்தபின் ஊறிய தண்ணீருக்கு, கன மீற்றருக்கு 75 கிராம் என்ற கணக்கில் 70 வீதக் குளோரின் தூள் கரைத்து ஊற்றி ஒரு நாள் விடுங்கள். பிறகு நீர்மட்டம்வரை சுத்தமான கல்லும் மணலும், அதற்கு மேல் களி, அரை மீற்றருக்கு ஒருமுறை இடித்து இறுக்கியபடி. கட்டின் மேல் ஒரு மீற்றரை உடைத்து எடுத்துவிட்டு, நிலமட்டத்துக்கு மேலே ஓரடி குவித்து விடுங்கள். முதல் மாரியில் அது தாழும்.