குடும்ப நல ஆலோசனை மையத்தில் நான்கு சனிக்கிழமைகள்

மதுரையில் உள்ள ஒரு குடும்ப நல ஆலோசனை மையத்துக்கு நானும் என் மனைவியும் நான்கு சனிக்கிழமைகள் சென்று வந்தோம். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வார்கள் என எதிர்பார்த்துப் போன எனக்கு, ஆலோசகர் விதித்த ஒரே நிபந்தனை புதிதாக இருந்தது: மனைவி சொன்னதை, ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று அவரே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் நான் பதில் பேசலாம். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1950களில் பரிந்துரைத்த முறை இது.

‘தம்பியின் படிப்புக்குப் பணம் அனுப்புவது உனக்குப் பிடிக்கவில்லை’ என்றேன். ‘அது இல்லை’ என்றார். மூன்று முறை தவறினேன். பணம் அனுப்பியதல்ல, அனுப்பி முடித்த பிறகு தனக்கு வெறும் தகவலாகச் சொன்னதே அவரை வருத்தியது என்பதை நான்காம் முறைதான் சரியாகச் சொன்னேன். அதுவரை தண்ணீர் டம்ளரை இறுகப் பிடித்திருந்த அவர் விரல்கள் அப்போதுதான் தளர்ந்தன. அப்பா இறந்தபின் தம்பியின் படிப்பு எனக்கு என்னவாக இருந்தது என்பதை அடுத்த வாரம் அவர் திருப்பிச் சொன்னபோது, எனக்குக் கண் கலங்கியது.

குறையும் உண்டு. மெல்லிய தடுப்புப் பலகைக்கு அப்பால் காத்திருப்பவர்களுக்கு உள்ளே பேசுவது கேட்கிறது. இத்தகைய இடத்தில் இது பெரிய தவறு, உடனே சரிசெய்ய வேண்டும்.

பேசத் தயாராக இருக்கும் தம்பதியருக்கு இம்மையத்தை உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். அடியும் மிரட்டலும் உள்ள வீட்டுக்கு இம்முறை பொருந்தாது. அங்கே முதலில் அழைக்க வேண்டியது 181 என்னும் மகளிர் உதவி எண்ணை.