முருங்கைக்குப் போட்ட வேலி

முருங்கை எங்கள் வீட்டு நாயின் பெயர். டாக்ஸ்ஹண்ட் இனம். அதன் நீளத்தைப் பார்த்துவிட்டுப் பேத்தி வைத்த பெயர் இது. தரையிலிருந்து முதுகு வரை எட்டரை அங்குலம். மூக்கிலிருந்து வால் வரை அளக்கப் போனபோது டேப்பைக் கடித்துவிட்டது. கோவை மாவட்டம் அன்னூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் செம்மண் தரை இருக்கிறது. இந்த நாய்க்காக ஒன்றரை ஆண்டில் அதற்கு இரண்டு முறை வேலி போட்டேன். முதல் வேலி ஏமாற்றியது, இரண்டாவது இன்றுவரை நிற்கிறது.

அப்பா காலத்தில் அங்கே கிளுவை வேலி இருந்தது. குச்சியை வெட்டி ஊன்றினாலே வேர் பிடித்துவிடும், தழையை ஆடு தின்னும், செலவு என்று எதுவும் கிடையாது. போர் போடும் லாரி உள்ளே வர அதை வெட்டி வழிவிட்டோம், திரும்ப நடவில்லை. நட்டிருந்தாலும் முருங்கைக்கு அது ஒத்து வந்திருக்காது. கிளுவையின் காலடியில் கீரியே குடும்பம் நடத்தும், இவன் போய்வருவதற்கா இடம் இருக்காது?

ஒரு பக்கம் வீட்டுச் சுவர். மற்ற மூன்று பக்கமும் சேர்த்து 85 அடி. கம்பி வேலி விற்கும் கடைக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம், மனிதர் நல்லவர்தான். அவர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை அடி உயரம் வேண்டும் அண்ணா?” நாய்க்கு என்றேன். “அப்படியானால் ஐந்து அடி போடுங்கள், தாண்டாது” என்றார். எட்டரை அங்குல நாய் ஐந்து அடியைத் தாண்டாது என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. தோட்டங்களுக்குப் போடுகிற செயின் லிங்க் என்ற பின்னல் கம்பி வலை, மூன்று அங்குலக் கண், கம்பியின் தடிமன் 12 கேஜ், சதுர அடி 12 ரூபாய். 425 சதுர அடிக்கு 5,100 ரூபாய். கல்காலும் கூலியும் தனி.

நாற்பது ஆண்டு லேத்தில் நின்றவன் நான். கம்பி வீட்டுக்கு வந்ததும் தடிமன் அளக்கும் வெர்னியரை எடுத்தேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். 12 கேஜ் என்றால் 2.64 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதை வாங்குகிறவர்கள் பலர் கவனிப்பதில்லை. நான் அளந்த இடமெல்லாம் 2.3 தான் காட்டியது, அதுவும் துத்தநாகப் பூச்சோடு சேர்த்து. அது 13 கேஜ். ஒரு நம்பர்தானே என்று தோன்றும். ஆனால் குறுக்குவெட்டில் கணக்குப் போட்டால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இரும்பு குறைகிறது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, “இப்போது 12 இப்படித்தான் வருகிறது அண்ணா” என்றார். வெர்னியர் இல்லாதவர்கள் எடை போட்டு வாங்கலாம், தராசுக்குக் கேஜ் தெரியாது.

இவ்வளவு பேசினாலும் முருங்கையை வெளியே விட்டது மெலிந்த கம்பி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று மாதக் குட்டியாக இருந்தபோது அவன் மூன்று அங்குலக் கண்ணுக்குள்ளேயே நுழைந்து போனான். செயின் லிங்க் பின்னல் வேலை, தள்ளினால் கண் விரியும். உடம்பு வளர்ந்து கண்ணில் நுழைய முடியாமல் போனதும் அடியில் முகத்தை விட்டுத் தூக்கப் பழகினான். வேலியின் கீழ் ஓரத்தில் ஓடும் இழுவைக் கம்பி கொஞ்சம் தளர்ந்தால் போதும், சேலைக் கொசுவம் போல வேலி மேலே ஏறிவிடுகிறது. கம்பியை முறுக்கிச் சரிசெய்தேன். அடுத்த வாரம் தோண்ட ஆரம்பித்தான்.

தோண்டியதற்காக அவனைத் திட்டிப் பயனில்லை. ஜெர்மானியர்கள் இந்த இனத்தை உருவாக்கியதே வளைக்குள் புகுந்து வேட்டையாடத்தான். முன்கால் இரண்டும் மண்வெட்டி. மழை பெய்து மண் இளகியிருந்த ஒரு காலையில், நான் காபி குடித்து முடிப்பதற்குள் பக்கத்துச் சோளக்காட்டில் மயிலைத் துரத்திக்கொண்டிருந்தான்.

இடையில் செய்து பார்த்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பச்சை நிழல்வலையை உள்பக்கம் கட்டினேன், இரண்டு நாளில் கிழித்தான். இணையத்தில் வாங்கிய பிளாஸ்டிக் வலை ஒரு கோடை வெயிலில் அப்பளம் போல நொறுங்கியது. எல்லையைத் தாண்டினால் கழுத்தில் ஷாக் கொடுக்கும் பட்டை வாங்கச் சொன்னார் உறவினர் ஒருவர். அவரிடம் அதற்குப் பிறகு நாயைப் பற்றிப் பேசுவதில்லை. போதாததற்கு அந்தப் பட்டை தெருநாய் உள்ளே வருவதையும் தடுக்காது.

இனி இரண்டாவது வேலி. பழைய செயின் லிங்க்கைக் கழற்றவில்லை. அதன் உள்பக்கம், கீழே மட்டும், வெல்டு மெஷ் சேர்த்தேன், அதாவது கம்பிகள் சேரும் இடத்தில் வெல்டு அடித்த வலை. ஒன்றுக்கு ஒன்று அங்குலக் கண், 14 கேஜ், மூன்று அடி அகலம். இந்தமுறை வெர்னியரைக் கடைக்கே கொண்டுபோனேன். 50 அடிச் சுருள் இரண்டு, சதுர அடி 27 ரூபாய், மொத்தம் 8,100. முதல் வேலியைவிட விலை அதிகம், உயரம் குறைவு. சின்ன நாய்க்கு வேலி வாங்குகிறவர் பணத்தைத் தரையோரம்தான் போட வேண்டும் என்று கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு அங்குலக் கண்ணும் இருந்தது, விலையும் குறைவு. நான் எடுக்கவில்லை. அதில் முருங்கையின் மூக்கும் கீழ்த்தாடையும் போகும், பின்னால் இழுக்கும்போது பல் மாட்டும். வெல்டு மெஷ் வாங்கும்போது கம்பிகள் சேரும் இடத்தை உற்றுப் பார்க்க வேண்டும். அங்கே கறுத்துத் தீய்ந்திருந்தால் பூச்சுப் போட்ட கம்பியை எடுத்துப் பிறகு வெல்டு அடித்திருக்கிறார்கள் என்று பொருள். துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். வெல்டு முடித்துப் பிறகு துத்தநாகத்தில் முக்கியெடுத்தது என்றால் அந்த மூட்டும் வெள்ளையாக மூடியிருக்கும். எனக்குக் கிடைத்தது பின்னது.

மூன்று அடியில் இரண்டு அடியை நிமிர்த்திக் கட்டினேன். மீதி ஒரு அடியை உள்பக்கமாக மடித்துத் தரையில் படுக்கவைத்து, இரண்டு அங்குல மண் போட்டு மூடினேன். நாய் தோண்டுவது வேலியின் காலடியில்தான். நகம் கம்பியில் படும். ஒரு அடி பின்னால் தள்ளிப்போய்த் தோண்டலாம் என்ற யோசனை முருங்கைக்கு இதுவரை வரவில்லை. படுத்த மெஷ் மேலே எழாமல் இருக்க 6 மில்லிமீட்டர் கம்பியை வளைத்துக் கொக்கிகள் செய்து மூன்று அடிக்கு ஒன்றாக அடித்தேன். மூலைகளில் இரண்டு மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நிற்கும். ஒன்றைக் குறுக்காக வெட்டிவிட்டுக் கட்டுக்கம்பியால் சேர்த்துத் தைக்க வேண்டும். வெட்டிய முனைகளுக்கெல்லாம் ஜிங்க் பெயின்ட். இதற்கு மட்டும் ஒரு நாள் போயிற்று, முதுகுவலி தனிக்கணக்கு. இப்போது அதன்மேல் அருகம்புல் ஏறிவிட்டது, கம்பி இருப்பதே தெரியவில்லை.

குறையும் உண்டு. மண்ணுக்குள் இருக்கும் மெஷ்ஷுக்கு ஆயுள் குறைவுதான். மாதம் ஒரு முறை ஒரு மூலையைக் கிளறிப் பார்க்கிறேன், இதுவரை துரு இல்லை. இன்னொன்று குரைப்பு. வேலிக்கு அப்பால் மயில் தெரிந்தால் தொண்டை காயும் வரை குரைப்பான். கிழிந்தது போக மிஞ்சிய நிழல்வலையை இரண்டடி உயரத்துக்கு வேலியின் வெளிப்பக்கம் கட்டினேன். அங்கே அவன் பல் எட்டாது. குரைப்பு பாதியாகக் குறைந்தது. மீதி, மயில் அகவும்போது. காதுக்கு வேலி போட முடியாது.

இந்த நாய்க்கு முதுகு நீளம், தண்டுவட வட்டுகள் எளிதில் பழுதாகும். அதனால் குதித்து ஏற வசதியாக வேலியோரம் செங்கல், விறகு எதையும் அடுக்குவதில்லை. உள்ளே விடும்போது கழுத்துப்பட்டையையும் கழற்றிவிடுகிறேன், ஒருமுறை கொக்கி கம்பியில் மாட்டிக்கொண்டு அவன் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

கேட் தொல்லைதான் இன்னும் தீரவில்லை. 85 அடியையும் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டுக் கேட்டுக்கு அடியில் நான்கு அங்குல இடைவெளியை விட்டிருந்தேன். தோண்டாமல் இருக்கக் கீழே கடப்பைக் கல் பதித்தேன். இடைவெளிக்கு ரப்பர் பட்டை அடித்தேன், கடித்தான். மாற்றினேன், அதையும் கடித்தான். மூன்றாவதும் போனது. போன வாரம் பழைய இரும்புக் கடையில் கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்று கிடைத்தது, 60 ரூபாய். அதை போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறேன். இப்போது அதன் முன்னால்தான் படுத்திருக்கிறான், நக்கிப் பார்க்கிறான், இன்னும் வாய் வைக்கவில்லை.